முப்பத்தைந்தாவது விநாடி

2008 ஜூலையில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு முடிவு வெளியானது. கல்லீரல் புற்றுநோய் முற்றிய 602 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சொராஃபெனிப் என்ற மாத்திரையும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 7.9 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். சொராஃபெனிப் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 10.7 மாதங்களைத் தாண்டினார்கள். ஏறத்தாழ மூன்று மாதம்தான் வித்தியாசம். ஆனாலும் அது பெரிய செய்தி. முற்றிய கல்லீரல் புற்றுநோயில் ஆயுளை நீட்டிக்கும் என்று அதற்கு முன் எந்த மாத்திரையும் ஐயமறக் காட்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. ஸ்கேனில் கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் மருந்துப் பிரிவில் 2 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 1 சதவீதம். அதாவது, ஆயுள் கூடியது, கட்டியோ ஏறக்குறைய அப்படியே இருந்தது.

புற்றுநோய் மருத்துவம் பல பத்தாண்டுகளாகக் கட்டியின் அளவை நம்பியே நடந்துவந்தது. சிகிச்சைக்கு முன் அளந்து, பின்னும் அளந்து, குறைந்தால் பலன் என்றும் கூடினால் தோல்வி என்றும் எழுதுவார்கள். கல்லீரலில் அந்தக் கணக்கு பொய்த்தது. அப்படியானால் ஸ்கேனில் எதைத்தான் பார்க்க வேண்டும்? இதற்கான விடை ரத்தம் எந்த வழியாக வருகிறது என்பதில் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பதும், சிகிச்சை பலித்ததா என்று சொல்வதும் அந்த ஒரே விடையின் மேல்தான் நிற்கின்றன.

இரண்டு வழியில் வரும் ரத்தம்

உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி வழியாக ரத்தம் வந்து சிரை வழியாக வெளியேறுகிறது. கல்லீரலுக்கோ உள்ளே வரும் வழியே இரண்டு. குடலும் மண்ணீரலும் அனுப்பும் ரத்தத்தை போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. கல்லீரலுக்கு வந்துசேரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். மீதிக் கால் பங்கு இதயத்திலிருந்து கல்லீரல் தமனி வழியாக வருகிறது. ஆற்று வாய்க்காலும் கிணற்று நீரும் சேர்ந்து பாயும் வயலைப் போன்றது கல்லீரல். வாய்க்கால் நீர்தான் அதிகம், ஆனால் அது சுற்றிக்கொண்டு தாமதமாக வந்துசேரும்.

கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்றுநோய், ஆங்கிலப் பெயரில் ஹெபடோசெல்லுலார் கார்சினோமா, வளர வளர இந்த ஏற்பாட்டை மாற்றிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ், மது, கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்று பல ஆண்டுகளாகக் கல்லீரலைப் புண்படுத்தி, அது தழும்பேறி, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கமாக முற்றுகிறது. அந்தச் சிரோசிஸ் கல்லீரல் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். அவற்றில் ஒன்று திசை மாறிப் புற்றாகும்போது, அதற்குள் வரும் போர்ட்டல் சிரைக் கிளைகள் படிப்படியாக அழிகின்றன. கட்டி தனக்கென்று புதிய தமனிக் கிளைகளை வளர்த்துக்கொள்கிறது. முழுதாக உருவான கட்டி ஏறக்குறைய முற்றிலும் தமனி ரத்தத்தில்தான் வாழ்கிறது. கல்லீரலில் வளரும் கட்டிகளுக்குத் தமனியே முக்கிய ஆதாரம் என்று 1954இலேயே ப்ரீடிஸ், யங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்த வேகமாகப் படமெடுக்கும் கருவி தேவைப்பட்டது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. ஒரு வெட்டுப் படத்துக்கே சில நிமிடங்கள் பிடித்த இயந்திரம் அது. இன்றைய சி.டி. முழுக் கல்லீரலையும் ஒரு மூச்சுப் பிடிப்புக்குள் முடித்துவிடுகிறது. கையில் ஊசி போட்ட சாயம் எந்த விநாடியில் எங்கே இருக்கிறது என்று பின்தொடர அந்த வேகம் வழி செய்தது.

ஒரு கட்டியை நான்கு முறை பார்ப்பது

ஸ்கேன் அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம். நோயாளி மேசையில் மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்கை மடிப்பில் ஊசி. முதலில் சாயம் இல்லாமல் ஒரு சுற்று எடுக்கிறார்கள். பிறகு பம்ப் ஓடத் தொடங்குகிறது. அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து என்னும் அந்தச் சாயம் விநாடிக்கு 4, 5 மில்லி வீதம் உள்ளே போகிறது. உடம்பெல்லாம் சூடு பரவுவதாக நோயாளி உணர்கிறார். டெக்னீஷியன் கண் திரையிலுள்ள ஒரு சிறு வட்டத்தின் மேல் இருக்கிறது. வயிற்று மகாதமனியின் மேல் வைத்த வட்டம் அது. சாயம் அங்கே வந்து சேர்ந்ததும் கோடு சரசரவென்று ஏறும். குறித்த அளவைத் தொட்ட பிறகு இன்னும் 15, 20 விநாடி காத்திருந்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்ற குரலோடு மேசை நகர்கிறது.

ஊசி தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் அது சுமார் 35ஆவது விநாடி. இதயம் பலவீனமாக இருந்தால் சற்றுத் தள்ளிப்போகும், அதனால்தான் அந்த வட்டம். இதைப் பிந்தைய தமனிக் கட்டம் என்பார்கள். சாயம் கல்லீரல் தமனியில் நிறைந்திருக்கிறது. போர்ட்டல் சிரையில் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. கல்லீரலைவிட்டு வெளியேறும் சிரைகளில் இன்னும் துளியும் இல்லை. இந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் நேரம் சரி. வாய்க்கால் நீர் வந்து சேராத இந்தக் குறுகிய இடைவெளியில் கல்லீரல் மங்கலாகவே இருக்க, தமனியை நம்பி வாழும் கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறது.

60 முதல் 80 விநாடிக்குள் அடுத்த சுற்று, போர்ட்டல் கட்டம். குடலைச் சுற்றிவந்த சாயம் இப்போது போர்ட்டல் சிரை வழியாகக் கொட்டுகிறது. கல்லீரல் முழுக்க வெளுக்கிறது. அந்தப் பாசனம் இல்லாத கட்டி பின்தங்கி, சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துப்போகிறது. 2 முதல் 5 நிமிடத்துக்குள் எடுக்கும் கடைசிச் சுற்றில் அந்தக் கறுப்பு இன்னும் துலக்கமாகும். சில சமயம் கட்டியைச் சுற்றி உறைபோல மெல்லிய வெளிச்ச வளையமும் தெரியும். சற்று முன் ஒளிர்ந்தது இப்போது இருண்டுவிட்டது. கதிரியக்க மருத்துவர்கள் இதை 'வாஷ்-அவுட்' என்கிறார்கள். முதலில் ஒளிர்வதும் பிறகு இருள்வதும் ஒரே முடிச்சில் அடுத்தடுத்துத் தெரிவதுதான் இந்தப் புற்றுநோயின் கையெழுத்து.

சாதாரண வயிற்று சி.டி. பெரும்பாலும் 70ஆவது விநாடியில் ஒரே சுற்றோடு முடிந்துவிடும். குடல்வாலுக்கோ சீழ்க்கட்டிக்கோ அது போதும். சிரோசிஸ் நோயாளிக்குப் போதாது. ஒளிரும் கணத்தைப் பார்க்காமல் விட்டால், 2 செ.மீ. கட்டி சுற்றியுள்ள நூறு முடிச்சுகளில் ஒன்றாக மறைந்துகொள்ளும்.

திசு எடுக்காமல் ஒரு தீர்ப்பு

மார்பிலோ நுரையீரலிலோ குடலிலோ கட்டி இருந்தால் ஒரு துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் புற்றுநோய் என்று எழுத மாட்டார்கள். கல்லீரல் செல் புற்றுநோய் இந்த விதிக்கு விலக்கு. சிரோசிஸ் உள்ளவரிடம் மேலே சொன்ன கையெழுத்து தெளிவாகத் தெரிந்தால், பயாப்ஸி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். கல்லீரல் மாற்று அறுவைக்கும் பதிவு செய்யலாம். பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய வல்லுநர்கள் 2001இல் வெளியிட்ட வரையறைதான் இதை முதலில் முறைப்படுத்தியது.

இதற்கு நல்ல காரணங்கள் உண்டு. சிரோசிஸில் ரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கும், வயிற்றில் நீர் கோத்திருக்கும், ஊசி குத்தினால் ரத்தக் கசிவு அபாயம். ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் விதைபோல் சிந்தி முளைப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1 செ.மீ. கட்டியில் ஊசி சற்று விலகினாலும் 'புற்று இல்லை' என்ற தவறான ஆறுதல் கிடைக்கும்.

ஒரு படத்தை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய தீர்ப்பு சொல்வதென்றால் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே மொழியில் சொல்ல வேண்டும். அமெரிக்க கதிரியக்கவியல் கல்லூரி 2011இல் லை-ராட்ஸ் என்ற வகைப்பாட்டை வெளியிட்டது. எல்.ஆர்.-1 என்றால் நிச்சயமாகத் தீங்கற்றது. எல்.ஆர்.-5 என்றால் நிச்சயமாகக் கல்லீரல் செல் புற்று. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்.ஆர்.-5 என்று குறிக்கப்பட்டவற்றில் நூற்றுக்குச் சுமார் 94 உண்மையிலேயே இந்தப் புற்றாக இருந்தன. எல்.ஆர்.-4இல் நான்கில் மூன்று. எல்.ஆர்.-3இல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். இந்த எண்கள் தெரிந்திருந்தால் அறிக்கையில் '3' என்று பார்த்ததும் பதறவும் வேண்டாம், அலட்சியமும் கூடாது என்பது புரியும். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிய முடிச்சு அது. ஆறு மாதத்துக்குள் அதன் விட்டம் பாதிக்கு மேல் பெருத்தால், அந்த வளர்ச்சியே ஒரு சாட்சியாகச் சேரும்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு கண்டிப்பான எல்லை உண்டு. சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ள, வயதுவந்தவர்களுக்கு மட்டுமே இது செல்லும். ஆரோக்கியமான கல்லீரலில் தமனிக் கட்டத்தில் ஒளிரும் தீங்கற்ற கட்டிகள் பல. கல்லீரல் சிரைகள் அடைபடும் பட்-கியாரி நோயில் தோன்றும் தீங்கற்ற முடிச்சுகளும் இதே கையெழுத்தைப் போட்டுக் காட்டக்கூடும். யாருடைய கல்லீரல் என்று தெரியாமல் படத்தை மட்டும் படிப்பவர் ஏமாந்துபோவார்.

பித்தநாளப் புற்றுநோயின் நடத்தை வேறு. அது ஓரத்தில் மட்டும் வளையமாக ஒளிரும். நடுவிலுள்ள நார்த்திசு தாமதமாக, மெதுவாக வெளுக்கும். லை-ராட்ஸ் இதை எல்.ஆர்.-எம் என்று தனியே ஒதுக்குகிறது. புற்று என்பது ஏறக்குறைய உறுதி, எந்தப் புற்று என்பது உறுதியில்லை. இங்கே பயாப்ஸி கட்டாயம், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு, அறுவைத் திட்டமும் வேறு. 'ரத்தக்குழாய்க் கட்டி' எனப்படும் ஹெமாஞ்சியோமா ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக நிரம்பி, கடைசி வரை வெளுப்பாகவே இருக்கும். அது பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராதது.

ஆளுக்கொரு கேள்வி கேட்கும் கருவிகள்

சி.டி. ரத்தத்தின் பாதையைக் கேட்கிறது என்றால், எம்.ஆர்.ஐ. அதோடு கல்லீரல் செல்லின் வேலையையும் கேட்கிறது. கடோலினியம் அடங்கிய கடாக்ஸெடேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நல்ல கல்லீரல் செல்கள் தங்களுக்குள் இழுத்துக்கொண்டு பித்தநீரில் கழிக்கின்றன. உடலுக்குள் போனதில் சுமார் பாதி இப்படித்தான் வெளியேறுகிறது. ஊசி போட்டு 20 நிமிடம் கழித்துப் படமெடுத்தால் கல்லீரல் வெண்மையாகத் தெரியும். அந்த மருந்தை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தை இழந்த புற்று முடிச்சு கரும்புள்ளியாகத் தனித்து நிற்கும். முடிச்சு புற்றாக மாறும் வழியில், தமனிகள் பெருகுவதற்கு முன்பே இந்தப் புரதம் குறைந்துவிடுவது வழக்கம். அதனால் சி.டி.யில் இன்னும் ஒளிரத் தொடங்காத கட்டியைக்கூட எம்.ஆர்.ஐ. பிடித்துவிட முடிகிறது. ஆனால் இந்த மருந்தைப் பயன்படுத்தும்போது கல்லீரலே ஓரிரு நிமிடங்களில் வெளுக்கத் தொடங்கிவிடும், அதனால் கருமையான எதுவும் 'வாஷ்-அவுட்' போலத் தோன்றக்கூடும். எனவே போர்ட்டல் கட்டம் வரைக்கும் தெரியும் இருளை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டிலும் கான்ட்ராஸ்ட் உண்டு. அது ரத்தச் சிவப்பணுவைப் போன்ற அளவுள்ள நுண்குமிழிகள், உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு. சி.டி. சாயம் ரத்தக்குழாயைத் தாண்டித் திசுவுக்குள் கசியும். குமிழிகள் குழாய்க்குள்ளேயே ஓடி, கடைசியில் அந்த வாயு மூச்சுக்காற்றில் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும் தரலாம். இதிலும் விநாடிதான் தீர்மானிக்கிறது. ஒளிர்ந்த கட்டி 60 விநாடிக்குப் பிறகு, அதுவும் லேசாக இருண்டால் கல்லீரல் செல் புற்று. அதற்கு முன்பே சட்டென்று இருண்டால் வேறு இடத்திலிருந்து பரவி வந்ததோ பித்தநாளப் புற்றோ என்று சந்தேகிக்க வேண்டும்.

பல புற்றுநோய்களில் கேட்காமலே எடுக்கப்படும் பெட் ஸ்கேன் இங்கே பாதிக்குப் பாதி தவறவிடுகிறது. பெட் ஸ்கேனில் தரப்படும் கதிரியக்கச் சர்க்கரையைப் புற்றுச் செல் உறிஞ்சி, வெளியே விடாமல் வைத்துக்கொண்டால்தான் படத்தில் தெரியும். இரண்டு உணவுக்கு நடுவே உடலுக்குச் சர்க்கரையை அவிழ்த்துக் கொடுப்பது கல்லீரல் செல்லின் பிறவித் தொழில். அதற்குரிய நொதியை அது கையோடு வைத்திருக்கிறது. அதிகம் உருமாறாத கல்லீரல் புற்றும் அந்தத் தொழிலை மறப்பதில்லை. உள்ளே வந்த சர்க்கரையை வெளியே அனுப்பிவிட்டு, படத்தில் சாதாரணக் கல்லீரலாகக் காட்சி தருகிறது. பெட்டில் தெரியவில்லை என்பதற்காகப் புற்று இல்லை என்று யாரும் நிம்மதியடையக் கூடாது.

நோயின் வழியே மருந்தின் வழி

ஒசாகாவில் ர்யூசாகு யமாடாவும் அவரது குழுவினரும் 1983இல் 120 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததன் அடிப்படை எளியது: கட்டி தமனியை மட்டும் நம்பி வாழ்கிறது என்றால், தமனிக்குள் நுண்குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் கிளையை அடைத்துவிடலாம். போர்ட்டல் சிரை காப்பாற்றிவிடுவதால் நல்ல கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். அடைப்பதற்கு முன் புற்றுநோய் மருந்தையும் அங்கேயே கொட்டலாம். இன்று டேஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிகிச்சை இப்படித்தான் வேரூன்றியது. 2002இல் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் இது ஆயுளை நீட்டிக்கிறது என்று நிறுவின. மருந்தோடு கலந்து செலுத்தப்படும் லிப்பியோடால், கசகசா விதை எண்ணெயில் அயோடினைச் சேர்த்தது. கட்டிக்குள் தங்கி எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும்.

இதே பாதையில் கதிரியக்கத்தையும் அனுப்புகிறார்கள். யிட்ரியம்-90 ஏற்றிய 20 முதல் 60 மைக்ரான் அளவுள்ள மணிகள் கட்டியின் நுண்தமனிகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அவற்றின் கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ. தூரம்தான் பாயும், 64 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். ஆனால் கட்டிக்குள் உள்ள கோளாறான குழாய்கள் வழியாக மணிகள் நழுவி நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து. அதனால் முதலில் டெக்னீசியம் ஏற்றிய புரதத் துகள்களை ஒத்திகையாக அனுப்பி, அவை எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்று காமா கேமராவில் பார்க்கிறார்கள். நுரையீரலுக்குப் போகும் பங்கு கூடுதலாக இருந்தால் சிகிச்சையே கைவிடப்படும். படம் இங்கே நோயைக் காட்டுவதோடு நிற்காமல் மருந்தின் அளவையும் முடிவு செய்கிறது.

சிறிய கட்டிகளை ஊசி வழியாக ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டுவிடலாம். மறுநாளே படமெடுத்துப் பார்த்தால் கட்டி 'பெரிதாகி' இருக்கும். கட்டியோடு அதைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. வரை நல்ல கல்லீரலையும் சேர்த்துச் சுடுவதுதான் சிகிச்சையே. 2 செ.மீ. கட்டி இருந்த இடத்தில் 4 செ.மீ. கரும்பரப்பு இருந்தால் வேலை செம்மையாக முடிந்தது என்று பொருள். அளவை மட்டும் நம்புகிறவர் இங்கே முதல் நாளே தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

எவ்வளவு பெரியது, எவ்வளவு உயிரோடிருக்கிறது

2000இல் வந்த ரெசிஸ்ட் என்ற அளவுகோல் உலகம் முழுக்கப் புற்றுநோய் ஆய்வுகளின் பொது அளவையானது. கட்டிகளின் நீளங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 30 சதவீதம் குறைந்தால் பகுதிப் பலன். 20 சதவீதம் கூடினால் நோய் முன்னேற்றம். நடுவில் இருந்தால் நிலையாக உள்ளது. எளிமையானது, யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒத்துவருவது.

6 செ.மீ. கட்டி ஒன்றுக்கு டேஸ் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யிலும் அது 6 செ.மீ. தான். ரெசிஸ்ட் கணக்குப்படி 'நிலையாக உள்ளது', அதாவது பலன் இல்லை. ஆனால் தமனிக் கட்டத்தை உற்றுப் பார்த்தால், அந்த 6 செ.மீ.யில் ஒரு மூலையில் 2 செ.மீ. மட்டும் ஒளிர்கிறது. மீதி முழுக்க ஒளியேறாத, செத்த திசு. இறந்த கட்டியை உடல் உடனே அகற்றிவிடுவதில்லை. மாதக்கணக்கில் அது அந்த இடத்திலேயே கிடக்கும்.

ரிக்கார்டோ லென்சியோனியும் ஹோசெப் யோவெட்டும் 2010இல் இதற்காக ரெசிஸ்டைத் திருத்தி எழுதினார்கள். தமனிக் கட்டத்தில் ஒளிரும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி மேலே சொன்ன கட்டி 6இலிருந்து 2 செ.மீ. ஆகிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு குறைவு, தெளிவான பகுதிப் பலன். அந்த 2 செ.மீ.யும் ஒளிராமல் போனால் முழுப் பலன், 6 செ.மீ. சடலம் அங்கேயே கிடந்தாலும் சரி. மிச்சமிருக்கும் மூலையை மட்டும் குறிவைத்து மறுபடி அடைக்கலாம் என்ற வழிகாட்டுதலும் அதே படத்திலிருந்து கிடைக்கிறது.

சொராஃபெனிபின் புதிரும் இங்கே பாதி அவிழ்கிறது. அது புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் மருந்து. கட்டியை உருக்கிக் கரைப்பதைவிட அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. ஸ்கேனில் நோய் முன்னேற எடுத்துக்கொண்ட காலம் 2.8 மாதத்திலிருந்து 5.5 மாதமாக நீண்டது. கட்டி சுருங்காவிட்டாலும் அது வளராமல் நின்ற அந்த மாதங்கள்தான் ஆயுளாக மாறின.

2020இல் அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளின் கூட்டு சொராஃபெனிபை விஞ்சியது. முதலாவது நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புவது, இரண்டாவது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பது. அந்த ஆய்வில் ரெசிஸ்ட் படி பலன் பெற்றவர்கள் சுமார் 27 சதவீதம், திருத்திய ரெசிஸ்ட் படி சுமார் 33 சதவீதம். ஆய்வு ஒன்றுதான், அளவுகோல் மாறியதும் எண்ணும் மாறியது. இன்னொருவருக்குக் கிடைத்த 'பலன் சதவீதத்தோடு' தன்னுடையதை ஒப்பிட்டுப் பார்க்கும் நோயாளியும் உறவினரும், எந்தக் கோலால் அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

ஒளிர்ந்தால் உயிருண்டு என்ற விதியும் எல்லா இடத்திலும் செல்லாது. யிட்ரியம் மணிகளோ வெளியிலிருந்து குறிவைத்துப் பாய்ச்சிய கதிர்வீச்சோ கட்டியை மெதுவாகத்தான் கொல்கின்றன. செத்துக்கொண்டிருக்கும் கட்டி பல மாதங்கள் தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்துகொண்டே இருக்கலாம். முதலில் சற்று வீங்கவும் செய்யலாம். அவசரப்பட்டுத் 'தோல்வி' என்று எழுதினால் தேவையற்ற மறுசிகிச்சை, ஏற்கெனவே தளர்ந்த கல்லீரலுக்கு இன்னொரு அடி. அதனால் 2024இல் புதுப்பிக்கப்பட்ட லை-ராட்ஸ், கதிர்வீச்சு பெற்ற கட்டிகளுக்குத் தனி விதியும் மற்றவற்றுக்குத் தனி விதியும் வகுத்தது.

லிப்பியோடாலின் தொல்லை வேறு விதம். அது சி.டி.யில் மிகவும் வெண்மையாகத் தெரிவதால், அதன் நிழலில் மிச்சமிருக்கும் புற்றின் ஒளிர்வு மறைந்துபோகும். எம்.ஆர்.ஐ. இங்கே கைகொடுக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. செத்த கட்டிக்குள் கசிந்த பழைய ரத்தம் சாயம் ஏற்றும் முன்பே வெளுப்பாகத் தெரியும். சாயத்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தையதைக் கணினி புள்ளிக்குப் புள்ளி கழித்துத் தரும். கழித்த பிறகும் ஒளிர்வது எதுவோ அதுதான் உயிருள்ள புற்று. நோயாளி இரண்டு முறையும் ஒரே அளவு மூச்சைப் பிடித்திருந்தால்தான் இந்தக் கழித்தல் சரியாக வரும். ஸ்கேன் அறையில் மூச்சு பிடிக்கச் சொல்லும் குரலுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

போர்ட்டல் சிரைக்குள் உறைந்து கிடப்பது வெறும் ரத்தக்கட்டியா, புற்று ஊடுருவிய கட்டியா என்பதும் தமனிக் கட்டத்தில்தான் தெரியும். ஒளிர்ந்தால் புற்று. அந்த ஒரு பதில் நோயின் நிலையையே மாற்றிவிடும். மாற்றுக் கல்லீரலுக்கான பட்டியலில் இருந்த பெயர் அதனால் நீங்கவும் கூடும். இத்தாலியரான வின்சென்சோ மஸ்ஸஃபெரோ 1996இல் வகுத்த மிலான் விதி, 5 செ.மீ.க்கு மிகாத ஒரு கட்டி அல்லது 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களுக்கே மாற்று அறுவை நல்ல பலன் தரும் என்றது. அவருடைய நோயாளிகளில் நான்கில் மூன்று பேர் நான்கு ஆண்டு கடந்தும் வாழ்ந்தார்கள். அந்த சென்டிமீட்டர்கள் எல்லாம் அறுவைக்கு முன் படத்தில் அளக்கப்படுபவை. தமனிக் கட்டம் பத்து விநாடி தப்பினால் 4 செ.மீ.யாகத் தெரிவது உண்மையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

2022இல் உலகில் 8.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டில் இறந்தவர்கள் 7.5 லட்சத்துக்கும் மேல். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கக் காரணம், பெரும்பாலான கட்டிகள் வலியும் மஞ்சள் காமாலையும் வந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன. சுடலாம், வெட்டலாம், மாற்றலாம் என்ற வழிகள் எல்லாம் 2, 3 செ.மீ. அளவில் திறந்திருக்கின்றன. 10 செ.மீ.யில் ஏறக்குறைய எல்லாமே மூடிவிடுகின்றன.

ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களும் முன்பு நாள்பட்ட ஹெபடைடிஸ் இருந்தவர்களுமாக 18,816 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. என்ற புற்றுக் குறியீட்டுப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அழைத்த பரிசோதனைகளில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாகவே நடந்தன. அப்படியும் அந்தப் பிரிவில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. 2004இல் வெளியான இந்த முடிவுதான் இன்றைய கண்காணிப்பு முறையின் அடித்தளம். அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்தால் தொடக்க நிலைக் கட்டிகளில் பாதிக்கும் குறைவாகவே பிடிபடும், ஏ.எஃப்.பி.யையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கலாம். உடல் பருத்தவர்களுக்கும் கொழுப்பேறிய கல்லீரலுக்கும் ஒலியலை உள்ளே போய்த் திரும்புவது கடினம், அவர்களுக்குப் படம் தெளிவில்லை என்றால் அதை அறிக்கையில் எழுதி எம்.ஆர்.ஐ.க்கோ சி.டி.க்கோ அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் பாதிப்பு தெரிந்தவர்களில் பலர் மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். சிரோசிஸ் வந்துவிட்டால், வைரஸ் அடங்கிய பிறகும் புற்றின் அபாயம் முழுதாகப் போவதில்லை. ஆறு மாத ஸ்கேன் தொடர வேண்டும். முடிச்சு ஒன்று தெரிந்தால், தமனிக் கட்டத்தோடு கூடிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பழைய சி.டி. தட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் 'இது புதிது' என்றும் 'இது வளர்ந்திருக்கிறது' என்றும் சொல்ல மருத்துவருக்குப் பழைய படம் வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் படம் முந்தைய கட்டங்களையே, முடிந்தால் அதே வகைக் கருவியில், பின்பற்ற வேண்டும். அறிக்கை வந்ததும் 'கட்டி எவ்வளவு இருக்கிறது' என்று கேட்கும் குடும்பங்கள், 'அதில் இன்னும் எவ்வளவு ஒளிர்கிறது' என்றும் கேட்கட்டும். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.